கைப்பிடிக் காற்றுக் கவசம்

கைப்பிடிக் காற்றுக் கவசம் என்பது மோட்டார் சைக்கிளின் கைப்பிடித் தண்டிலோ முன்கவைக் குழாய்களிலோ பொருத்தப்பட்டு, ஓட்டுநரின் மார்பிலும் முகத்திலும் நேராக மோதும் காற்றை விலக்கிவிடும் தகடு அல்லது உறை ஆகும். கைப்பிடி திரும்பும்போது தானும் திரும்புவதே இதன் தனி அடையாளம். வாகனத்தின் சட்டகத்தில் பொருத்தப்பட்டு, கைப்பிடி திரும்பினாலும் அசையாது நிற்கும் கவசம் வேறு வகையைச் சேர்ந்தது. அது இக்கட்டுரையில் சட்டகக் கவசம் எனப்படுகிறது. இரண்டும் பொதுவாக ஃபேரிங் என அழைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பணிமனைகளில் சிறிய கைப்பிடிக் கவசத்தை வைசர் என்றும், முகப்பு விளக்கைச் சுற்றியிருக்கும் உறையை டூம் என்றும் சொல்வது வழக்கம்.

சட்டகத்தை வெட்டவோ பற்றவைக்கவோ தேவையில்லாமல், நான்கு பிடிப்பான்களைக் கொண்டே பொருத்திவிடலாம் என்பதால் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் இவ்வகைக் கவசமே தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. முன்னிருந்து வரும் காற்றிலிருந்து ஓட்டுநரைக் காக்கும் இதே தகடு, பக்கவாட்டிலிருந்து வரும் காற்றின் தள்ளலை நேராகத் திருப்பும் அமைப்பிடம் கொண்டு சேர்க்கிறது. மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைக்கும் நகரச் சாலையில் இவ்விளைவு உணரப்படுவதில்லை. மரக்காணம் போன்ற திறந்த கடற்கரையில் அதுவே முதன்மையான கேள்வியாகிவிடுகிறது.

வரலாறு

மோட்டார் சைக்கிள் கவசங்களின் தொடக்கம் பந்தயக் களத்தில் உள்ளது. இத்தாலியின் மோட்டோ குட்சி நிறுவனம் 1950 இல் மாண்டெல்லோ தெல் லாரியோ என்னும் ஊரில் தனக்கெனக் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டது. அக்காலப் பந்தய வாகனங்கள் முன்சக்கரத்தையும் உள்ளடக்கி மூடும் பெரிய கவசங்களை அணிந்திருந்தன. குப்பைத் தொட்டி என்று கேலியாக அழைக்கப்பட்ட இவை வேகத்தைக் கூட்டின. பக்கக் காற்றில் வாகனத்தைத் தடுமாறவும் வைத்தன. பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 1958 பந்தயப் பருவம் முதல் இவற்றைத் தடை செய்தது. ஆகவே பக்கக் காற்று பற்றிய கவலை கவசத்தின் வரலாறு அளவுக்கே பழமையானது.

சாலை வாகனங்களில் கைப்பிடியோடு திரும்பும் கவசத்துக்குப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு ஹார்லி-டேவிட்சனின் எலக்ட்ரா கிளைடு ஆகும். வௌவாலின் விரித்த சிறகு போன்ற அதன் கவசம் 1969 இல் அறிமுகமானது. அதே நிறுவனம் 1980 ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட டூர் கிளைடில் கவசத்தைச் சட்டகத்துக்கு மாற்றியது. பி.எம்.டபிள்யூ.விலும் இதே நகர்வைக் காணலாம். 1973 இன் ஆர் 90 எஸ் முன்கவையில் சிறிய கவசம் தாங்கியது. 1976 இன் ஆர் 100 ஆர்.எஸ். காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கப்பட்ட பெரிய சட்டகக் கவசத்துடன் வந்தது. கவசம் பெரிதானவுடன் அதைக் கைப்பிடியிலிருந்து இறக்கிச் சட்டகத்தில் வைத்தது தற்செயல் அன்று. இதன் காரணம் கீழே விளக்கப்படுகிறது. ஹார்லி-டேவிட்சன் மட்டும் இரு வகைகளையும் தொடர்ந்து தயாரித்து வந்துள்ளது. ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோகிராமோ அதற்கு மேலோ எடையுள்ள வாகனத்துக்குப் பொருந்துவது அதில் பாதி எடைகூட இல்லாத வாகனத்துக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

இந்தியாவில் நெடுங்காலம் மோட்டார் சைக்கிள்கள் கவசமின்றியே விற்கப்பட்டன. சென்னைக்கு அருகே திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட், மைசூரில் 1960களில் தொடங்கி 1996 வரை உருவான சாவா, எசுடி வகைகள், 1985 இல் வந்த யமகா ஆர்.எக்சு. 100 ஆகிய எல்லாமே வட்ட முகப்பு விளக்குடன் வெறுமையான முன்பக்கம் கொண்டவை. 2003 இல் வெளிவந்த பஜாஜ் பல்சர் டி.டி.எஸ்-ஐ வகைகள் முகப்பு விளக்கைச் சுற்றிச் சிறு உறையை அணிந்து வந்தபின் டூம் என்பது பரவலான அலங்காரமாயிற்று. 2007 இன் பல்சர் 220 அதைச் சட்டகத்துக்கு மாற்றி அரைக் கவசமாக்கியது. பழைய புல்லட்டையும் ஆர்.எக்சு. 100 ஐயும் இன்றும் ஓட்டுவோர் நெடும்பயணத்துக்காகக் கவசம் தேடும்போது சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிப்பாகக் கடைகளையும், பழைய பாகங்களுக்குப் பெயர்போன புதுப்பேட்டையையும் நாடுகின்றனர். அங்கே கிடைக்கும் கவசங்களிற் பல குறிப்பிட்ட வண்டிக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல.

எதிர்க்காற்றும் ஓட்டுநரும்

காற்றுத்தடை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். நிமிர்ந்து அமர்ந்த ஓட்டுநருடன் கூடிய கவசமற்ற மோட்டார் சைக்கிளின் தடைப்பரப்பு, அதாவது முகப்புப் பரப்பையும் தடைக்கெழுவையும் பெருக்கிய அளவு, ஏறத்தாழ 0.6 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். அசைவற்ற காற்றில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது தடைவிசை ஏறத்தாழ 100 நியூட்டன். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது 178 நியூட்டன் ஆகிறது. இது 18 கிலோகிராம் எடைக்குச் சமம்.

இங்கே கணக்கில் கொள்ள வேண்டியது தரை வேகம் அன்று, காற்றைப் பொறுத்த வேகம். மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்றில் 60 இல் செல்பவர் 80 இன் தடையைச் சுமக்கிறார். தடையை வெல்லச் சக்கரத்தில் தேவைப்படும் திறன் 1.7 கிலோவாட்டிலிருந்து 3 கிலோவாட்டாக உயர்கிறது. 11 குதிரைத்திறன் கொண்ட ஆர்.எக்சு. 100 இதைத் தாங்கும் என்றாலும், பொறியின் முனகலில் வேறுபாடு தெரியும்.

இந்த விசையில் பெரும்பகுதி ஓட்டுநரின் மார்பிலும் தலைக்கவசத்திலும் விழுகிறது. பின்னோக்கித் தள்ளப்படும் உடலை அவர் கைகளால் இழுத்துப் பிடிக்கிறார். கைப்பிடியைப் பற்றிய இறுக்கம் கூடும்போது உடலின் ஒவ்வோர் அசைவும் திருப்பும் அமைப்புக்குச் செல்கிறது. ஆகவே கவசம் இல்லாத வண்டியும் காற்றால் திருப்பப்படுகிறது, ஓட்டுநரின் கைகள் வழியாக. கவசத்தின் உண்மையான பயன் வேகத்திலோ எரிபொருளிலோ இல்லை. சிறிய கைப்பிடிக் கவசம் மொத்தத் தடையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். மைலேஜ் கூடும் என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கத் தேவையில்லை. மார்பின் மீதான அழுத்தம் நீங்கிக் கைகள் தளர்வதே அது தரும் பயன். இரண்டு மணிநேரப் பயணத்தின் முடிவில் தோளிலும் கழுத்திலும் இது தெரியும்.

பக்கக் காற்று

மோட்டார் சைக்கிளின் முன்கவை ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறது. கைப்பிடிக் கவசம் இவ்வச்சுக்கு முன்னால் நிற்கிறது. பக்கத்திலிருந்து வரும் காற்று கவசத்தைத் தள்ளும்போது, அவ்விசையும் அச்சிலிருந்து அதன் தொலைவும் சேர்ந்து ஒரு திருப்புவிசையாகின்றன.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் மீது மணிக்கு 25 கி.மீ. கடற்காற்று செங்குத்தாக வீசுவதாகக் கொள்வோம். ஓட்டுநர் உணரும் காற்று மணிக்கு 65 கி.மீ. வேகத்துடன், செல்திசையிலிருந்து ஏறத்தாழ 23 பாகை விலகி வரும். வண்டி 40 இல் சென்றால் இந்த விலகல் 32 பாகை ஆகும். பக்கத்தோற்றப் பரப்பு 0.1 சதுர மீட்டராக உள்ள சிறு கவசத்தின் மீது, 60 கி.மீ. வேகத்தில், ஏறத்தாழ 10 நியூட்டன் பக்கவிசை விழலாம். அது அச்சுக்கு 15 செ.மீ. முன்னால் செயல்பட்டால் திருப்புவிசை 1.5 நியூட்டன்-மீட்டர். அச்சிலிருந்து 35 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு கையால் மட்டும் இதைத் தாங்கினால் 430 கிராம் எடைக்கு ஒப்பான விசை போதும். மிகச் சிறிது என்றே தோன்றும். ஆனால் நேர்ச்சாலையில் வண்டியை நடத்த ஓட்டுநர் வழக்கமாகச் செலுத்தும் திருப்புவிசையே ஒரு சில நியூட்டன்-மீட்டருக்குள் அடங்குவதாகும். கவசத்தின் பரப்பையும் முன்னோக்கிய தொலைவையும் இரட்டிப்பாக்கினால் இவ்விளைவு நான்கு மடங்காகி 6 நியூட்டன்-மீட்டரை எட்டும். பெரிய கவசங்கள் சட்டகத்துக்கு மாறியதன் காரணம் இதுவே.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வலப்புறக் காற்று கவசத்தின் வழியாக முன்சக்கரத்தை இடப்பக்கம் திருப்பும். ஓடும் இருசக்கர வாகனத்தில் சக்கரம் இடப்பக்கம் திரும்பினால் வண்டி வலப்பக்கம் சாயும். அதாவது காற்றை நோக்கிச் சாயும். பக்கக் காற்றில் நேராகச் செல்ல வண்டி காற்றை நோக்கிச் சிறிது சாய்ந்திருக்கவே வேண்டும். எனவே சீரான காற்றில் சிறு கவசம் தீங்கு செய்வதில்லை. ஓரளவு உதவுவதாகவும் கொள்ளலாம். சிக்கல் காற்று சீராக இல்லாதபோதுதான் தொடங்குகிறது. காற்று திடீரென நின்றால், அதற்கு எதிராக ஓட்டுநர் செலுத்திக்கொண்டிருந்த கைவிசை மட்டும் மிஞ்சும். வண்டி அதன் வழியே ஓர் அடி விலகும். உடனே காற்று மீண்டால் எதிர்ப்பக்கம் விலகும்.

மரக்காணம் கடற்கரை

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ள ஊராகும். ஊரைச் சூழ உப்பளங்களும், பக்கிங்காம் கால்வாயும், கழுவேலி ஏரியைக் கடலோடு சேர்க்கும் உப்பங்கழியும் உள்ளன. உப்பளம் என்பது தாழ்வான வரப்புகளால் பிரிக்கப்பட்ட ஆழமற்ற பாத்திகளின் பரப்பு. உவர்நிலத்தில் மரங்கள் வளர்வது அரிது; வெயிலையும் காற்றையும் மறைக்கும் எதுவும் உப்பு விளைச்சலுக்கு ஆகாது. பாத்தியின் நீரை ஆவியாக்கி உப்பை விளைவிக்கும் அதே தடையற்ற காற்றுதான் அச்சாலையில் செல்பவரைத் தள்ளுகிறது.

சாலை இங்கே ஏறத்தாழ வடக்கு-வடகிழக்கிலிருந்து தெற்கு-தென்மேற்காகக் கடலுக்கு இணையாகச் செல்கிறது. பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று வண்டியின் பக்கவாட்டில் மோதும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான சூன் முதல் செப்டம்பர் வரை முற்பகலில் தரைப்பக்கமிருந்து மேலைக்காற்று வீசி, நண்பகலை ஒட்டியோ அதற்குப் பின்போ கடற்காற்று உள்ளே வருவது வழக்கம். காலையில் ஒரு தோளில் மோதிய காற்று மாலையில் மறுதோளில் மோதும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னை நோக்கிச் செல்பவருக்கு அது முன்-வலப்புறமிருந்து வரும் சாய்காற்றாகும்.

இச்சாலையில் இரு திசைகளும் ஒன்றல்ல. இந்தியாவில் சாலையின் இடப்பக்கமாகவே வாகனங்கள் செல்கின்றன. புதுச்சேரியிலிருந்து சென்னை நோக்கிச் செல்பவருக்குக் கடல் வலப்பக்கம். எதிரே வரும் பேருந்துகளும் வலப்பக்கம். ஆகவே எதிரே வரும் ஒவ்வொரு பேருந்தும் கடற்காற்றை ஒரு கணம் மறைத்துத் திருப்பித் தருகிறது. 12 மீட்டர் நீளப் பேருந்து மணிக்கு 70 கி.மீ. வேகத்திலும் மோட்டார் சைக்கிள் 60 இலும் செல்வதாகக் கொண்டால், இவ்வளவும் மூன்றில் ஒரு நொடியில் நடந்து முடியும். மனிதர் உணர்ந்து எதிர்வினை செய்யும் நேரத்தைவிட இது குறைவு. இதற்கு முன்னதாகப் பேருந்தின் முகப்பு தள்ளிவரும் காற்றலை ஒன்று மோதியிருக்கும். சென்னையிலிருந்து தெற்கே செல்பவருக்குக் கடற்காற்று இடப்பக்கம் என்பதால் பிற்பகலில் இம்மறைப்பு நேர்வதில்லை. மேலைக்காற்று வீசும் முற்பகலில் நிலைமை தலைகீழாகும். சாலை நடுவே பிரிக்கப்பட்டு எதிர்த்திசை வாகனங்கள் விலகிச் செல்லும் பகுதிகளில் இவ்விளைவு குறையும்.

இதற்கு மாறாக, திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு வரும் சாலை மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வது. பிற்பகலில் அச்சாலையில் கடல் நோக்கி வருபவருக்குக் கடற்காற்று நேர் எதிர்க்காற்று. கைப்பிடிக் கவசம் தன் முழுப் பயனையும் தருவது இத்தகைய சாலையில்தான். ஒரே கவசம், ஒரே ஊர், ஒரே மாலைக் காற்று. ஆனால் ஒரு சாலையில் துணையாகவும் மற்றதில் சுமையாகவும் ஆகிறது. எந்தச் சாலையில் அதிகம் செல்லப்போகிறோம் என்பதை வைத்துக் கவசத்தின் அளவைத் தீர்மானிப்பது அறிவுடைமை.

புயற்காற்று இக்கணக்குகளுக்கு அப்பாற்பட்டது. 2020 நவம்பர் 25 இரவு முதல் 26 அதிகாலை வரை நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டிய பகுதியில் கரையைக் கடந்தது. அத்தகைய காற்றில் எந்தக் கவசமும் உதவாது. வண்டியை எடுக்காமல் இருப்பதே வழி.

அளவும் உயரமும்

பக்கத்தோற்றப் பரப்பு குறைவாகவும், திருப்பும் அச்சுக்கு நெருக்கமாகவும், எடை குறைவாகவும் உள்ள கவசமே பழைய, எடை குறைந்த வண்டிகளுக்கு ஏற்றது. பக்கங்களில் பின்னோக்கி வளைந்து கைகளையும் மூடும் அகன்ற கவசம் குளிர்நாடுகளுக்கு உரியது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் விரல் விறைப்பதில்லை. மேலும், வியர்வையை ஆவியாக்கிக் குளிர்விப்பது உடலில் படும் காற்றுதான். ஏப்ரல், மே மாதங்களில் காற்றை முழுதாக அடைத்துவிட்டால் அனல் தாங்காது. கோடையில் கழற்றி வைக்கத்தக்க அமைப்பு விரும்பத்தக்கது.

கவசத்தின் மேல்விளிம்பு ஓட்டுநரின் கண்மட்டத்துக்குக் கீழே, முகவாய் அல்லது மூக்கின் உயரத்தில் இருக்க வேண்டும். தகட்டின் மேலாகப் பார்க்க வேண்டுமேயன்றி அதன் ஊடாகப் பார்க்கக் கூடாது. உப்புப் படிந்த தகட்டில் எதிர் வாகனத்தின் விளக்கு விழுந்தால் சாலையே மறைந்துவிடும். விளிம்பிலிருந்து பிரியும் காற்று சுழல்களாக உடைந்து தலைக்கவசத்தில் மோதினால் தலை அதிரும், இரைச்சல் கூடும். தகடு வேலை செய்யவில்லை என்று எண்ணி மேலும் உயரமான தகட்டை மாட்டுவது பலர் செய்வது. பெரும்பாலும் இதற்கு மாற்று எளிது. தகட்டை இரண்டு மூன்று செ.மீ. தாழ்த்துவதோ, சாய்வைக் கூட்டுவதோ, கீழ்விளிம்புக்கும் முகப்பு விளக்குக்கும் இடையே சிறு இடைவெளி விடுவதோ போதும். கீழிடைவெளி வழியே நுழையும் காற்று தகட்டின் பின்னுள்ள தாழ்அழுத்தத்தைக் குறைத்துச் சுழல்களைத் தணிக்கிறது.

முகம் மூடிய தலைக்கவசத்துக்கு இது மாற்று அன்று. குறுந்தொலைவு செல்பவருக்கு நல்ல தலைக்கவசமும் காற்றுப் புகாத மேலங்கியுமே செலவுக்கு அதிகப் பயன் தருபவை.

பொருத்துவதற்கு முன்

கவசம் வாங்குவதற்கு முன் வண்டியின் முன்பகுதியைச் சோதிக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நடுக்கத்துக்குக் கவசத்தைக் குறை கூறுவது வழக்கமாக நடப்பது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, முன்கவையின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் கழுத்துத் தாங்கியின் தளர்வு தெரியும். பணிமனைகளில் இதைக் கோன்செட் என்பர். பழைய புல்லட்டுகளில் இது தனித்தனி உருண்டைகளும் கிண்ணங்களும் கொண்ட அமைப்பு. கைப்பிடியை நடுவிலிருந்து மெதுவாகத் திருப்பும்போது ஒரே இடத்தில் பதிந்து நின்றால், கிண்ணத்தில் பள்ளம் விழுந்துள்ளது என்று பொருள். இறுக்கினால் தீராது, மாற்றவே வேண்டும். சக்கரத் தாங்கிகள், பின்கவையின் புஷ், சக்கரக் காற்றழுத்தம் ஆகியவையும் பார்க்கப்பட வேண்டியவை.

மோட்டார் சைக்கிளில் இருவகை ஊசலாட்டங்கள் உள்ளன. ஒன்று, முன்சக்கரமும் கைப்பிடியும் மட்டும் நொடிக்கு ஆறு முதல் பத்து முறை வரை படபடப்பது. மற்றது, முழு வண்டியும் நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை வரை பாம்பு போல் நெளிவது. கைப்பிடியில் எடை சேர்ப்பது திருப்பும் அமைப்பின் நிலைமத்தைக் கூட்டி இவற்றின் தன்மையை மாற்றும். தாங்கி தளர்ந்த வண்டியில் அது ஊசலாட்டத்தைத் தூண்டிவிடலாம்.

பொருத்தும் முறை

பெரும்பாலான பழைய வண்டிகளின் கைப்பிடித் தண்டு 22 மி.மீ. விட்டம் கொண்டது, இந்த அளவுக்கான பிடிப்பான்கள் எளிதில் கிடைக்கின்றன. இரு பிடிப்பான்களில் நிற்கும் தகடு காற்றழுத்தத்தில் மடங்கிச் சாயும். எனவே மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு இடங்களில் பிடிப்பது நல்லது. ஆர்.எக்சு. 100 போன்றவற்றில் முகப்பு விளக்கைத் தாங்கும் இருபுறப் பட்டைகளின் மரைகளைக் கீழ்ப்பிடிப்புக்குப் பயன்படுத்தலாம். பழைய புல்லட்டின் முன்கவை மேற்பகுதி, விளக்கையும் வேகமானியையும் உள்ளடக்கிய வார்ப்பு உறையாகவும், குழாய்கள் தகட்டு மூடியுடனும் இருப்பதால் வெறுங்குழாயில் பிடிப்பான் மாட்ட இயலாது. அங்கே கைப்பிடித் தண்டிலிருந்தே நீண்ட தாங்கிகளைக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒற்றை உருளைப் பொறியின் அதிர்வில் அவை முறியாதிருக்கப் பிடிப்பான்களுக்கு இடையே ரப்பர் வளையம் தேவை.

தகட்டில் துளையிடுவது பொறுமை வேண்டும் வேலை. ஒட்டுநாடா ஒட்டி, மெதுவான சுழற்சியில், அழுத்தாமல் துளையிட வேண்டும். அக்ரிலிக் வெயிலில் நன்கு விரியும். 30 செ.மீ. இடைவெளியுள்ள இரு துளைகள், இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 0.6 மி.மீ. விலகும். துளை திருகாணியைவிட இரண்டு மி.மீ. பெரிதாகவும், இடையில் ரப்பர் வளையத்துடனும் இருந்தால் தகடு தடையின்றி விரியும். இறுகப் பிடித்த தகடு துளை விளிம்பிலிருந்து வெடிப்பு விடும்.

பொருத்தி முடித்ததும் செய்ய வேண்டிய முதற் சோதனை நின்ற இடத்திலேயே. பொறியைத் தாழ்ந்த ஓட்டத்தில் விட்டுக் கைப்பிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்ப வேண்டும். பொறியின் ஓசை சற்றேனும் உயர்ந்தால் முடுக்கிக் கம்பி எங்கோ இழுபடுகிறது. திருப்பத்தில் வண்டி தானாக முடுக்கம் பெறும் இக்குறை உயிருக்கே உலை வைப்பது. சரிசெய்யாமல் சாலையில் இறங்கக் கூடாது. தகடு எரிபொருள் தொட்டியையோ, ஓட்டுநரின் விரல்களையோ, கிளட்ச், தடுப்புப் பிடிகளையோ தொடக் கூடாது. முகப்பு விளக்கின் ஒளியையும் முன் எண்பலகையையும் மறைக்கக் கூடாது. பின்னர் காற்று அடங்கிய நேரத்தில் 40, 50, 60 எனப் படிப்படியாக ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே பக்கக் காற்றுள்ள நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெளிவு தோன்றினால் கைப்பிடியை இறுகப் பற்றுவதும், சட்டென்று தடுப்பதும் கூடாது. முடுக்கியை மெல்லக் குறைத்து, தொடைகளால் தொட்டியைப் பற்றிக்கொண்டு வேகம் குறைய விட வேண்டும். பின்பு தகட்டைத் தாழ்த்தியோ அச்சுக்கு நெருக்கியோ மீண்டும் சோதிக்கலாம். அதற்கும் தீராவிட்டால் அக்கவசம் அவ்வண்டிக்கு உரியதன்று.

தகட்டின் பொருளும் உப்பும்

ஒளிபுகும் தகடுகள் அக்ரிலிக், பாலிகார்பனேட்டு என்னும் இரு நெகிழிகளில் செய்யப்படுகின்றன. அக்ரிலிக் தெளிவானது, எளிதில் கீறாது, ஆனால் அடிபட்டால் கூர்த்துண்டுகளாக உடையும். பாலிகார்பனேட்டு அடிதாங்கும், ஆனால் எளிதில் கீறும், பெட்ரோல் பட்டால் நுண்வெடிப்பு விடும். மரை தளராதிருக்க இடும் சில பசைகளும், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் நீர்மங்களும் அதற்கு ஆகா. ஒளிபுகா உறைகள் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனவை.

கடற்கரைக் காற்றிலுள்ள உப்பு நுண்துளிகள் தகட்டில் உலர்ந்து படிகங்களாகின்றன. உலர்ந்த துணியால் துடைத்தால் அப்படிகங்களே தகட்டைக் கீறும். முதலில் நன்னீர் ஊற்றிக் கரைத்த பின்பே துடைக்க வேண்டும். உப்பளப் பகுதியில் கிணற்று நீரும் உவராக இருக்கக்கூடும் என்பதால் இதற்குக் குடிநீரே தேவைப்படலாம்.

உப்பின் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்வது. அலுமினியப் பிடிப்பானில் துருவேறா எஃகுத் திருகாணியை இட்டால், ஈரமும் உப்பும் சேரும்போது இவ்விரு உலோகங்களும் சிறு மின்கலம் போல் செயல்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். சில பருவங்களில் திருகாணி கழற்ற முடியாதபடி பிடித்துக்கொள்ளும். மரையில் கிரீசு தடவுவதும், நைலான் வளையம் இடுவதும் இதைத் தாமதப்படுத்தும். பிடிப்பான் அழுத்தும் இடத்தில் கைப்பிடித் தண்டின் குரோம் பூச்சு கீறப்பட்டால், அடியில் உப்புநீர் தங்கித் தண்டையே துரு தின்னும். பிடிப்பானுக்கு அடியில் ரப்பர் பட்டை வைப்பதுடன், ஆண்டுக்கு ஒரு முறையேனும், சிறப்பாக வடகிழக்குப் பருவமழைக்குப் பின், பிடிப்பான்களைக் கழற்றித் தண்டைப் பார்ப்பது அவசியம்.

சட்டம்

இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே அப்பிரிவு மாற்றம் என வரையறுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இப்பிரிவைக் கண்டிப்புடன் விளக்கித் தீர்ப்பளித்தது. எதையும் வெட்டாமல், பற்றவைக்காமல் மாட்டிக் கழற்றத்தக்க கைப்பிடிக் கவசத்துக்கும், சட்டகத்தில் தாங்கிகளைப் பற்றவைத்து நிறுத்தும் கவசத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. பக்கக் காற்றுக்கு அஞ்சிப் பழைய வண்டியின் சட்டகத்தில் பற்றவைப்பு வேலை செய்ய முனைவோர், சட்டகத்தின் வலிமையோடு இதையும் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கும்.